செல் பிரிதலும் டி.என்.ஏ. நகலெடுப்பும்: கேட்டவர்களுக்குப் பதில்

பிளஸ் டூ மாணவி: மேம், செல் பிரிவதற்கு முன் வரும் எஸ் கட்டத்தில் டி.என்.ஏ. இரட்டிப்பாகிறது என்றால் அப்புறம் மனிதச் செல்லில் 92 குரோமோசோம் இருக்க வேண்டுமே? புத்தகத்தில் 46 என்றுதானே இருக்கிறது?

நல்ல சந்தேகம்மா. டி.என்.ஏ.வின் அளவு வேறு, குரோமோசோம் எண்ணிக்கை வேறு. எண்ணும்போது நாம் குரோமோசோமின் இடுக்கமான பகுதியான சென்ட்ரோமியரைத்தான் எண்ணுகிறோம். எஸ் கட்டம் முடிந்ததும் ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டு குரோமாட்டிட்கள் (ஒரே மாதிரியான நகல்கள்) சென்ட்ரோமியரில் சேர்ந்தே நிற்கும். அதனால் குரோமாட்டிட் 92, குரோமோசோம் 46. அனாஃபேஸ் என்ற கட்டத்தில் அவை பிரியும்போது மட்டும் கொஞ்ச நேரம் அந்தச் செல்லில் 92 குரோமோசோம் இருக்கும். பிறகு புதிய செல்கள் இரண்டுக்கும் ஆளுக்கு 46. தேர்வில் ‘அளவு’ கேட்கிறார்களா, ‘எண்ணிக்கை’ கேட்கிறார்களா என்று ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு எழுது.

டியூஷன் எடுக்கும் ஆசிரியர்: டி.என்.ஏ. நகலாகும்போது ஓர் இழை மட்டும் ஏன் துண்டு துண்டாக உருவாகிறது? பிள்ளைகளுக்கு எப்படிச் சொன்னாலும் புரியவில்லை.

இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்பதைப் படம் போட்டுக் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள் சார். இழையின் ஒரு முனைக்கு 5' என்றும் மறுமுனைக்கு 3' என்றும் பெயர். புதிய இழையைக் கட்டும் பாலிமரேஸ் நொதி, புதிய நியூக்ளியோடைடை (இழையின் ஒரு கண்ணியை) 3' முனையில் மட்டுமே சேர்க்கும். ஹெலிகேஸ் என்ற நொதி இழைகளைப் பிரித்துக்கொண்டே போக, ஒரு பக்கத்தில் பாலிமரேஸ் அதன் பின்னாலேயே நிற்காமல் போகலாம். மறுபக்கத்தில் அது எதிர்த்திசையில் வர வேண்டியிருக்கிறது. அதனால் கொஞ்ச தூரம் பிரிந்ததும் ஒரு துண்டு, இன்னும் கொஞ்சம் பிரிந்ததும் அடுத்த துண்டு. ஒவ்வொன்றும் ஒரு சிறிய ஆர்.என்.ஏ. பிரைமரில் (தொடக்கத் துண்டில்) தொடங்கும். பிறகு பிரைமரை நீக்கி, அந்த இடத்தை நிரப்பி, லிகேஸ் என்ற நொதி துண்டுகளை ஒட்டிவிடும். துண்டின் நீளம் பாக்டீரியாவில் 1000 முதல் 2000 நியூக்ளியோடைடு, நம் செல்களில் 100 முதல் 200 வரை.

கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி ‘5' முனையிலும் சேர்த்தால் என்ன?’ என்று கட்டாயம் கேட்பாள். சேர்ப்பதற்கான ஆற்றல், புதிதாக வரும் நியூக்ளியோடைடின் மூன்று பாஸ்பேட்டில் இருக்கிறது. தப்பானது சேர்ந்துவிட்டால் பாலிமரேஸ் அதை வெட்டி எறிந்துவிட்டு, அடுத்து வருவதன் ஆற்றலில் வேலையைத் தொடரும். 5' முனையில் வளர்ந்தால் அந்த மூன்று பாஸ்பேட் இழையின் நுனியிலேயே இருக்கும். வெட்டினால் அதுவும் போய்விடும், இழை அங்கேயே நின்றுவிடும். பிழை திருத்த வசதி வேண்டும் என்றால் ஒரு திசைதான் சரிப்படும். இந்தப் பாடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

இந்தத் துண்டுகளை 1960களில் கண்டறிந்தவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இருந்த ரெய்ஜி ஒகசாகி, சுனெகோ ஒகசாகி தம்பதி. சிறுவயதில் ஹிரோஷிமா அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளான ரெய்ஜி, 1975இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். பாடம் நடத்தும்போது இதையும் சொல்லுங்கள்.

பி.எஸ்சி. மாணவர்: ஈ. கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகிறது. டி.என்.ஏ.வை நகலெடுக்கவே 40 நிமிடம் ஆகும் என்கிறார்கள். எப்படிச் சாத்தியம்?

கணக்கு சரிதான் தம்பி. அதன் டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் நியூக்ளியோடைடு இணைகள். ஒரே இடத்தில் தொடங்கி இரு திசையிலும் நொடிக்குச் சுமார் 1000 வீதம் போனால் 40 நிமிடம் பக்கம் வரும். ஆனால் முதல் சுற்று முடியும் வரை அது காத்திருப்பதில்லை. பாதியிலேயே அடுத்த சுற்றைத் தொடங்கிவிடும். பிறக்கும் செல்லுக்குள் பேத்திக்கான நகல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்!

ஒரு தாய்: நகலெடுப்பதில் தப்பு வந்தால் புற்றுநோய் வருமா?

ஒரு தப்பு வந்த உடனே வராதும்மா. பாலிமரேஸ் திருத்தி, அதன் பிறகு இன்னொரு பழுதுநீக்கும் கூட்டமும் பார்த்த பின் ஏறத்தாழ நூறு கோடி எழுத்துக்கு ஒன்றுதான் தப்பும். அதிலும் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் பல மாற்றங்கள் சேரும்போதுதான் ஆபத்து.

பள்ளி மாணவர்: வெங்காய வேர்நுனி ஸ்லைடில் எனக்கு அனாஃபேஸ் கிடைக்கவே இல்லை.

எந்த நேரத்திலும் பெரும்பாலான செல்கள் ஒரு பிரிதலுக்கும் அடுத்த பிரிதலுக்கும் நடுவிலுள்ள இடைக்கட்டத்தில்தான் இருக்கும். அதனால் நிறைய செல்களைப் பார்க்க வேண்டும். காலையில் வெட்டிய வேரை எடு. நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போதும். அதற்கு மேலே உள்ள செல்கள் பிரிவதை நிறுத்தியிருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு இளஞ்சூடு காட்டி, அசிட்டோகார்மின் சாயத்தில் ஊற வை. கவர் ஸ்லிப் போட்டு, பென்சிலின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டி, உறிஞ்சுதாளை வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்து. கவர் ஸ்லிப் நகர்ந்தால் செல்கள் சுருண்டுவிடும். சரியாக நசுங்கியிருந்தால் செல்கள் ஒரே அடுக்காகப் பரவித் தெரியும்.