டீம் ஃபோர்ட்ரஸ் 2 கேம் புதுசா ஆரம்பிச்சிருக்கேன், உள்ளே போனதும் செத்துப் போறேன். எந்த கிளாஸ்ல தொடங்கறது?

கேள்வி கேட்டவர் சோமனூர்க்காரர். கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப், இதுவரை மொபைல்ல பேட்டில் ராயல் மட்டும் பழக்கம், ஒன்பது கிளாஸ்ல (கிளாஸ்னா நாம எடுத்து ஆடற ஆள் வகை) எதை எடுத்தாலும் அஞ்சு செகண்டுக்கு மேல உசுரோட இருக்க முடியலைன்னு எழுதியிருக்கார்.

கூட்டாளிகளை ஹீல் பண்ற மெடிக்ல தொடங்குங்க. அது சலிச்சா ராக்கெட் விடற சோல்ஜர். மத்தது பொறகு.

குறி சரியில்லாததால சாகறோம்னு புதுசா வர்ற எல்லாரும் நினைக்கறாங்க. பெரும்பாலும் நிக்கக் கூடாத இடத்துல நிக்கறதால சாகறாங்க. மொபைல் பேட்டில் ராயல்ல தனியா, கம்முனு பதுங்கி, கடைசி ஆளா மிஞ்சினா ஜெயிப்பு. இங்க ரெண்டு டீம் மோதும், செத்தா சில செகண்டுல மறுபடி வந்துடுவீங்க. ஆனா பாயின்ட்டை (டீம் கைப்பத்த வேண்டிய இடத்தை) ஒட்டுக்கா போய் பிடிக்கலைன்னா மேட்ச் போச்சு. அந்தப் பழக்கத்தை மாத்தறதுதான் பெரிய வேலை.

முதல்ல மெஷின். இது 2007 அக்டோபர்ல வந்த கேம், 2011 ஜூன்ல இலவசமாச்சு. எஞ்சின் பழசு, அதனால தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலேயே லோ செட்டிங்ல ஓடும். 20 ஜிபிக்குக் குறையாம இடம் வேணும். எஸ்எஸ்டி இருந்தா அதுலயே போடுங்க. ஹார்ட் டிஸ்க்ல மேப் லோடு ஆகறதுக்குள்ள மத்தவங்க பாதி வழி போயிருப்பாங்க. டச்பேடுல ஆடவே முடியாது, சாதா ஒயர் மவுஸ் போதும். விண்டோஸ் மவுஸ் செட்டிங்ல 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கை எடுத்துடுங்க. கேம்ல 'ரா மவுஸ் இன்புட்' ஆன் பண்ணுங்க. மவுஸை மேசையில சுமார் 30 செ.மீ. நகர்த்தினா உங்க ஆள் முழுசா ஒரு சுத்து திரும்பற அளவுக்கு சென்சிட்டிவிட்டி வையுங்க. புதுசா வர்றவங்க பெரும்பாலும் இதை எச்சா வச்சுட்டு, 'குறி நிக்க மாட்டேங்குது'ன்னு புலம்புவாங்க.

'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'ல நாலு விஷயம் மாத்தணும். ஒண்ணு, சுடாத நேரத்துல தானா ரீலோடு ஆகறது. ரெண்டு, நீங்க சுட்டது எதிரி மேல பட்டா சத்தம் கேக்கற ஹிட் சவுண்டு. மூணு, எவ்வளவு டேமேஜ்னு எண் காட்டறது. நாலு, மெடிகன் (மெடிக்கோட ஹீல் பண்ற துப்பாக்கி) பட்டனை அழுத்திப் பிடிக்காமலே ஹீல் பண்ணிக்கிட்டிருக்கறது. இதுல முதல் ஒண்ணு மட்டுமே உங்க சாவைக் கணிசமா குறைக்கும், ஏன்னா புதுசா ஆடறவங்க காலி கிளிப்போட மூலை திரும்பித்தான் பாதி தடவை சாகறாங்க. வீடியோ ஆப்ஷன்ல ஃபீல்டு ஆஃப் வியூவை 90க்கு ஏத்துங்க, பக்கவாட்டுல வர்றவன் கண்ணுல படுவான்.

நெட் விஷயம். வைஃபை வேண்டாங்க, ரவுட்டர்ல இருந்து லேன் கேபிள் போட்டுக்கங்க. கேஷுவல் மேட்ச் தேடற இடத்துல பிங் (சர்வருக்குப் போய் வர்ற தாமதம்) லிமிட் வைக்கற வசதி இருக்கு. நம்ம பக்கத்துக்கு மும்பை, சிங்கப்பூர் சர்வர்தான் தோது. லிமிட் வைக்காம விட்டா எங்கயோ ஒரு கண்டத்து சர்வர்ல தூக்கிப் போட்டுடும். அங்க உங்க கண்ணுக்கு ஸ்பை (மறைஞ்சும் வேஷம் போட்டும் வந்து முதுகுல குத்தற கிளாஸ்) முன்னாடி நிக்கற மாதிரி தெரியும், சர்வர் கணக்குல அவன் உங்க முதுகுல இருப்பான்.

சோமனூர்னா பக்கத்து வீட்டுல தறி ஓடாம இருக்காது. காது மூடற ஹெட்போன் கட்டாயம். மறைஞ்சிருக்கற ஸ்பை வெளிய வரும்போது ஒரு சத்தம் வரும். அது கேட்டா பிழைச்சீங்க.

இப்ப எங்க நிக்கறதுன்னு பாக்கலாம். ஒன்பது கிளாஸோட ஹெல்த்தை மனசுல வையுங்க: ஸ்கவுட், இன்ஜினியர், ஸ்னைப்பர், ஸ்பை 125, மெடிக் 150, பைரோ, டெமோமேன் 175, சோல்ஜர் 200, ஹெவி 300. ஸ்னைப்பர் ஸ்கோப் வச்சு, கொஞ்சமும் சார்ஜ் ஏத்தாம அடிக்கற ஹெட்ஷாட்டே 150. அதாவது மெடிக் வரைக்கும் அஞ்சு கிளாஸ் ஒரே குண்டுல காலி. அதனால நீளமா நேரா தெரியற வழியில நிக்காதீங்க, நின்னே ஆகணும்னா இடம் வலமா அசைஞ்சுக்கிட்டே இருங்க. செவுத்து மூலையில இருந்து ரெண்டு எட்டுல மறைய முடியற தூரம்தான் உங்க இடம். அடி பட்டா சண்டையை முடிச்சுட்டுப் போலாம்னு நிக்காம பின்வாங்குங்க. மேப்ல கிடக்கற மெட்கிட் சின்னது சுமார் இருபது சதம், நடுத்தரம் பாதி, பெருசு முழு ஹெல்த் தரும்; எடுத்தா 10 செகண்டுல மறுபடி அதே இடத்துல வந்துடும். ஒரு மேப்ல எங்கெங்க கிட் இருக்குன்னு தெரிஞ்சவன், தெரியாதவனை விட ரெண்டு மடங்கு நேரம் உசுரோட இருப்பான். ஆஃப்லைன் பிராக்டிஸ்ல பாட்களோட (கம்ப்யூட்டரே ஆடற ஆட்களோட) ஆடும்போது சுடறதை விட்டுட்டு இதை மட்டும் தேடிப் பாத்து வைங்க.

மெடிக்கை ஏன் சொல்றேன்னா, குறி வேண்டியதில்லை, மத்த எட்டு கிளாஸும் எப்படி ஆடுதுன்னு பின்னால நின்னு பாக்கலாம். ஆனா அதுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. இப்பத்தான் அடி வாங்கினவனுக்கு மெடிகன் செகண்டுக்கு 24 ஹெச்பி குடுக்கும். அடி பட்டு 10 செகண்டு ஆச்சுன்னா வேகம் ஏற ஆரம்பிச்சு, 15 செகண்டுல மூணு மடங்கு, அதாவது 72 ஆகும். ஆகவே ரெண்டு பேர் கூப்பிட்டா, சித்த நேரம் முன்னாடியே சண்டையை விட்டு வந்தவனை முதல்ல நிரப்புங்க, கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். அவசரம்னா மட்டும் இதுக்கு விதிவிலக்கு: தீப்பிடிச்சு ஓடி வர்றவன் முதல்ல. முழு ஹெல்த்துக்கு மேலயும் ஒண்ணரை மடங்கு வரைக்கும் ஏத்தலாம், ஹெவி 450 ஆயிடுவான், சோல்ஜர் 300. அந்த எச்சு ஹெல்த் கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சிடும்கறதால ஒரே ஆள் முதுகுலயே ஒட்டிக்கிட்டுத் திரியாதீங்க. பக்கத்துல இருக்கற எல்லாருக்கும் சுத்திச் சுத்திக் குடுங்க. ஹெவி பின்னாலயே நாள் பூரா நிக்கற மெடிக்கால அந்த ஹெவிக்குத்தான் லாபம், டீமுக்கு இல்ல.

ஊபர்சார்ஜ்ங்கறது மெடிக்கோட சிறப்பு சக்தி. அடி பட்டவங்களுக்கு ஹீல் பண்ணிக்கிட்டே இருந்தா 40 செகண்டுல நிரம்பும், போட்டா 8 செகண்டு யாராலயும் உங்களைக் கொல்ல முடியாது. நீங்க செத்தா சேத்தது அத்தனையும் போச்சு. நிரம்பினதும் 'சரியான நேரம்' வரட்டும்னு வச்சிருந்து செத்துப் போறது எல்லா புது மெடிக்கும் பண்றதுதான். உசுருக்கு ஆபத்துன்னா உடனே போட்டுடுங்க. பிந்திப் போடறதை விட வீணாப் போடறது மேல். ஊபர்ல இருக்கறவங்களால பாயின்ட்டைப் பிடிக்க முடியாது, அதனால அதை சென்ட்ரியை (இன்ஜினியர் கட்டற, தானா சுடற துப்பாக்கியை) உடைக்கப் பயன்படுத்துங்க, பிடிக்கறதைப் பின்னால வர்றவங்க பாத்துக்குவாங்க.

சோல்ஜர்ல ஒரே விதி. ஆள் மேல குறி வைக்காம அவன் கால் கிட்ட தரையில அடிங்க, நேரா படலைன்னாலும் வெடிப்பு படும். கிளிப்புல நாலே ராக்கெட், ஒண்ணொண்ணா நிரம்பும், நாலும் இருக்கும்போது மட்டும் சண்டைக்குப் போங்க. ராக்கெட் ஜம்ப்பை இப்ப கத்துக்க வேண்டாம்.

ஹெவியை எடுத்தா, மினிகன் சுத்த ஆரம்பிச்சு குண்டு வர்றதுக்கு முக்கால் செகண்டுக்கு மேல ஆகும். மூலை திரும்பறதுக்கு முன்னாடியே சுத்த விட்டுட்டுத் திரும்பணும். சாண்ட்விச்சை நீங்க தின்னறதை விட ரைட் கிளிக் பண்ணி மெடிக்குக்கு வீசறது நல்லது. நடுத்தர மெட்கிட் மாதிரி பாதி ஹெல்த் குடுக்கும். பைரோவோட ரைட் கிளிக் காத்து, எரியற கூட்டாளியை அணைக்கும், வர்ற ராக்கெட்டைத் திருப்பி அனுப்பும். ஒரு தடவைக்கு 20 அம்மோ, மொத்தம் 200தான் இருக்கு, பாத்து ஊதுங்க.

இன்ஜினியரைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா புதுசா வர்றவங்க எல்லாம் இதைத்தான் எடுக்கறாங்க, எடுத்துட்டு ஸ்பான் ரூம் (செத்தா மறுபடி வர்ற அறை) வாசல்லயே கூடு கட்டி உக்காந்துக்கறாங்க. எல்லாம் கட்டறதுக்கு வேண்டிய மெட்டல் கையில 200தான் நிக்கும். சென்ட்ரி 130, டிஸ்பென்சர் (ஹெல்த், அம்மோ தர்ற பெட்டி) 100, டெலிபோர்ட்டர் (ஒரு முனையில நுழைஞ்சு மறுமுனையில வெளிய வர்றது) ஒவ்வொரு முனைக்கும் 50. ஸ்பான் ரூம் வெளியவே டெலிபோர்ட்டர் நுழைவை வையுங்க, திரும்பி உள்ளே இருக்கற அலமாரியைத் தொட்டு 200 ஆக்கிக்கங்க. போற வழியில அம்மோ பெட்டி எங்க கிடக்குன்னு பாத்துக்கங்க; நடுத்தரப் பெட்டி 100 மெட்டல். இடத்துக்குப் போய் சென்ட்ரி போட்டா 70 மிஞ்சும், பெட்டியை எடுத்துட்டு வந்து டிஸ்பென்சர் போடுங்க. அது தானா மெட்டல் உற்பத்தி பண்ணிக் குடுக்கும், இனி அலையத் தேவையில்லை. ஒவ்வொரு லெவலுக்கும் 200 மெட்டல், ரெஞ்ச்சால ஒரு அடிக்கு 25, ஆக எட்டு அடி. டெலிபோர்ட்டர் வெளிவாயிலை மறக்காதீங்க. மெதுவா நடக்கற ஹெவிக்கும் சோல்ஜருக்கும் அதுதான் உங்க பெரிய உபகாரம்.

சென்ட்ரி எங்க? திறந்த வெளியைப் பாத்து இல்லீங்க. அதோட குண்டு எட்டற தூரத்துக்கு ஒரு எல்லை உண்டு, அதுக்கு வெளிய நின்னு ஸ்னைப்பரும் சோல்ஜரும் சாவகாசமா உடைச்சுடுவாங்க. மூலை திரும்பினதும் எதிர்ப்படற மாதிரி வையுங்க, எதிரி அதைப் பாக்கற நேரத்துல அவன் ஏற்கெனவே அந்த எல்லைக்குள்ள இருக்கணும். நீங்க அதுக்குப் பின்னால, குனிஞ்சு. பொடக்காளிப் பக்கம் ஒரு வழி இருந்தே தீரும், ஸ்பை அதுலதான் வருவான். அவன் சேப்பர் (கட்டினதை நாசம் பண்ற கருவி) வச்சா பதறாதீங்க: சேப்பர் செகண்டுக்கு 25 ஹெல்த் தின்னும், லெவல் 3 சென்ட்ரிக்கு 216 இருக்கு, எட்டு செகண்டு உங்களுக்கு நேரம். ஸ்பை பக்கத்துல நின்னா முதல்ல ஷாட்கன்னால அவனைச் சுடுங்க, பொறகு ரெஞ்ச்சால ரெண்டு அடி, சேப்பர் விழுந்துடும். லெவல் 1ன்னா ஆறு செகண்டுதான், அங்க ரெஞ்ச்சுக்கு முன்னுரிமை.

வேஷம் போட்ட ஸ்பையைக் கண்டுபிடிக்க எளிய வழி, மோதிப் பாக்கறது. சொந்த டீம் ஆட்களை ஊடுருவி நடந்து போகலாம், எதிரி இடிச்சு நிப்பான். யார் சண்டை முனையில இருந்து உங்களை நோக்கி, சுடாம, மெதுவா நடந்து வர்றானோ அவன் மேல சந்தேகம் வைங்க. குறியை அவன் மேல வச்சு எக்ஸ், அப்புறம் 2 அழுத்துங்க. 'அந்த ஹெவி ஒரு ஸ்பை'ன்னு கிளாஸ் பேரோடவே உங்க ஆள் கத்துவான். இலவசக் கணக்குல எழுத்து, குரல் அரட்டைக்குக் கட்டுப்பாடு இருக்கறதால இந்தக் குரல் பட்டன்கள்தான் உங்க வாய். இ விசை மெடிக்கைக் கூப்பிட, எக்ஸ் 3 முன்னால சென்ட்ரி, இசட் 4 முன்னேறுங்க. இது போதும்.

ஸ்னைப்பர், ஸ்பை ரெண்டையும் இப்போதைக்குத் தொடாதீங்க. பன்னிரண்டு பேர் டீம்ல ஏற்கெனவே மூணு ஸ்னைப்பர் இருப்பான். ஸ்கவுட் இரண்டு ஆள் கணக்குல பாயின்ட் பிடிப்பான், ஆனா 125 ஹெல்த்தோட முன்னால ஓட அடி விலகத் தெரியணும். டெமோமேன் நல்ல கிளாஸ், ஆனா அவனோட குண்டு போற வளைவு கைக்கு வர நாளாகும்.

எந்த மோடுன்னா பேலோடு. வண்டியைத் தள்றது யாருக்கும் புரியும், மெடிக் எங்க நிக்கணும்னு சொல்லித் தரவே வேண்டியதில்லை, தள்ற டீமுக்கு வண்டியே ஹெல்த்தும் அம்மோவும் குடுக்கும். மூணு பேர் வரைக்கும் நின்னா வேகம் கூடும், நாலாவது ஆள் முன்னால போய் சண்டை போடட்டும். 30 செகண்டு யாரும் தொடலைன்னா வண்டி பின்னால உருள ஆரம்பிக்கும். நேரம் முடிஞ்சாலும் ஒருத்தன் வண்டியைத் தொட்டுக்கிட்டிருக்கற வரைக்கும் ஆட்டம் முடியாது, கடைசி செகண்டுல எந்த கிளாஸா இருந்தாலும் போய்த் தொடுங்க. பேட்வாட்டர், அப்வர்ட் ரெண்டும் பழக நல்ல மேப். 2ஃபோர்ட் எல்லாருக்கும் பிடிச்சதுதான், ஆனா பழக ஏத்ததில்ல. பாலத்துக்கு இக்கட்டால ஒரு ஸ்னைப்பர் கும்பல், அக்கட்டால ஒரு ஸ்னைப்பர் கும்பல், மணிக்கணக்கா எதுவும் நகராது.

கிளாஸ் மாத்தறது காற்புள்ளி விசை. ஸ்பான் ரூமுக்குள்ள மாத்தினா உடனே மாறும். வெளிய நின்னு மாத்தினா வழக்கமான செட்டிங்ல உங்க ஆளைக் கொன்னுட்டுத்தான் மாத்தும். எதிரி சென்ட்ரி வச்சு அடைச்சுட்டான், நீங்க ஸ்கவுட்னா, அடுத்த தடவை சாகும்போது மாத்திக்கங்க. மெடிக்கே இல்லாத டீம்ல ஒருத்தராவது மாறணும், யாரும் மாற மாட்டாங்க, நீங்க மாறுங்க.

ஆயுதம் எதுவும் காசு குடுத்து வாங்க வேண்டாம், ஆரம்பத்துல குடுக்கறதே நல்லா இருக்கும். ஆடும்போது தானாவும் ஆயுதம் கிடைக்கும். கேம்ல வர்ற தொப்பி தர்றேன், சாவி தர்றேன்னு ஸ்டீம்ல யாராவது ஃபிரெண்டு ரிக்வெஸ்ட் அனுப்பி லிங்க் குடுத்தா திறக்காதீங்க. ஸ்டீம் லாகின் மாதிரியே தெரியற போலிப் பக்கம்தான் அது. ஆட்டத்துல யாரையாவது வெளியேத்த ஓட்டு வந்தா எஃப்1 ஆமா, எஃப்2 வேண்டாம். பழக்க தோஷத்துல எஃப்1 அழுத்தாம, டேப் விசையைப் பிடிச்சு அந்தப் பேர் யாருன்னு பாத்துட்டு அழுத்துங்க, ஏமாத்தறவனே நல்லா ஆடறவனை வெளியேத்த ஓட்டு போடறது உண்டு.