மாட்டுக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதை எப்படி அளக்கிறார்கள்?

வாயில்லா ஜீவனிடம் கேட்க முடியாது. அதனால் மழுங்கிய முனையுள்ள கருவியைக் காலின் தோலில் வைத்து மெல்ல மெல்ல அழுத்துவார்கள். மாடு காலை வெடுக்கென்று இழுத்ததும் நிறுத்திவிட்டு, அந்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்வார்கள். வலி தொடங்கும் எல்லை அதுதான்.

தோல் சிவந்து வீங்கியிருந்தால் இந்த எல்லை இறங்கிவிடும். அழற்சியின்போது உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருள்கள் நரம்பு முனைகளை உசுப்பிவிடுவதே காரணம். வெயிலில் கன்றிய தோளில் சட்டை உரசினாலே எரியுமே, அதேதான். மெலாக்சிகாம் மாதிரி வலிநிவாரணி கொடுத்த பிறகு எல்லை ஏறினால், வலி தணிகிறது என்று கொள்ளலாம். வலியில்லாத இன்னொரு காலையும் அளந்து ஒப்பிடுவது ரொம்ப முக்கியம். ஏனென்றால் மிரண்ட மாடு வலி இல்லாவிட்டாலும் தொட்டாலே துள்ளும்.

அப்புறம், கத்தாமல் நிற்கிற மாட்டுக்கு வலியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: மாடு வலியை மறைக்கும், தீனி குறைவதும் ஒரு காலில் பாரம் போடாமல் நிற்பதும்கூட வலியின் அடையாளமாக இருக்கலாம்.