ஹார்ட்டெயிலுக்கு எந்த ஃபோர்க்? கேளுங்கள், சொல்கிறேன்

தன் அளவுக்கு ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிள்) ஃப்ரேம் கட்டிக்கொள்கிறவர்கள் சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்து, அமுங்கி அதிர்ச்சியை வாங்கும் பாகம்) பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இன்று பதில். ஃப்ரேம் வரைவதும் ஃபோர்க் பிரித்து மாட்டுவதும் என் வேலை. டயர், பெயின்ட், கியர் எல்லாம் வேறு ஆளிடம் கேளுங்கள். கேட்கும் முன் மேலே இருக்கும் பதில்களைப் படித்துவிடுங்கள். படிக்கமாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

கோவை: அண்ணா, 29 இஞ்ச் வீல், குரோமோலி ஃப்ரேம். வெல்டர் அடுத்த வாரம் ஆரம்பிக்கிறார். ஃபோர்க் இன்னும் வாங்கலைங்க, ஆனா 140 ட்ராவல்னு முடிவு பண்ணிட்டேன். ஃப்ரேம் ரெடியானதும் எது விலை குறைவா கிடைக்குதோ அதைப் போட்டுக்கலாம்ல?

வெல்டரை நிறுத்தி வையுங்கள், தம்பி. ஃப்ரேமுக்கு ட்ராவல், அதாவது ஃபோர்க் எத்தனை மி.மீ. அமுங்கும் என்பது, தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் முன் ஆக்சில் மையத்திலிருந்து, ஃபோர்க்கின் இரு கால்களும் மேலே சேரும் கிரவுனின் அடிப்பக்கம் வரை உள்ள நீளம்தான். ஆக்சில்-டு-கிரவுன் என்று கம்பெனியின் அளவுப் பட்டியலில் இருக்கும். 29 வீலுக்கான 140 ஃபோர்க்குகள் 550 மி.மீ.யை ஒட்டி வரும், ஆனால் மாடலுக்கு மாடல் ஐந்து பத்து மி.மீ. மாறும். அதோடு கீழ் ஹெட்செட் கப் (ஃபோர்க் திரும்பும் பேரிங் உட்காரும் கிண்ணம்) வெளியே நிற்கும் வகையானால் இன்னொரு 12 மி.மீ. சேரும். ஃப்ரேமைப் பொறுத்தவரை அதுவும் ஃபோர்க் நீளம்தான்.

முன்பக்கம் 10 மி.மீ. உயர்ந்தால் ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் தரையோடு நிற்கும் கோணம்) ஏறத்தாழ அரை டிகிரி சாயும், பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு இருக்கும் இடம்) மூன்று மி.மீ. போல எழும்பும். மாடல் வித்தியாசமும் கப் உயரமும் ஒரே பக்கம் சேர்ந்தால் 66 டிகிரி என்று வரைந்த ஃப்ரேம் 65-க்கு வந்து நிற்கும். அதையே விரும்பிச் செய்தால் பரவாயில்லை, தெரியாமல் நடந்தால்தான் கோளாறு.

இன்னொன்று. நீங்கள் ஏறி நின்றதும் ஃபோர்க் கொஞ்சம் அமுங்கும், அதுதான் ஸாக். பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் இரு முனையும் சேர்ந்து இறங்குவதால் கோணம் பெரிதாக மாறாது. ஹார்ட்டெயிலில் முன்பக்கம் மட்டும் இறங்கும். 140-இல் 20 சதவீத ஸாக் என்றால் 28 மி.மீ. ஹெட் ஆங்கிள் ஒரு டிகிரிக்கு மேல் நிமிரும், ரீச் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து ஹேண்டில் பக்கம் முன்னோக்கி உள்ள நீளம்) 12 மி.மீ. சுமாருக்குக் கூடும், பாட்டம் பிராக்கெட் ஒன்பது பத்து மி.மீ. இறங்கும். நீங்கள் ஓட்டப்போவது அந்த வண்டியைத்தான். அதனால் வரைபடத்தை ஸாக் வைத்து வரையச் சொல்லுங்கள். வெல்டர் அப்படி வரைந்து பழக்கமில்லை என்றால் ஆக்சில்-டு-கிரவுனில் ஸாக்கைக் கழித்து அந்த எண்ணையே ஃபோர்க் நீளமாகக் கொடுங்கள்.

கடைசியாக டவுன் டியூப், அதாவது ஃப்ரேமின் முன்னாலிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய். நேர் டியூப் போட்டால் ஹேண்டில் முழுக்கத் திரும்பும்போது கிரவுனும் அதன் மேலுள்ள திருகும் டியூபில் இடிக்கும். சைக்கிள் கம்பெனி ட்ரெக் இதற்காகவே நாக் பிளாக் என்று ஹேண்டில் திரும்புவதைத் தடுக்கும் ஹெட்செட் கொண்டுவந்தது. உங்களுக்கு அது வேண்டாம். டியூபை ஹெட் டியூப் (ஃபோர்க் தண்டு நுழையும் முன் குழாய்) அருகே லேசாக வளைத்தால் முடிந்தது, ஆனால் கிரவுனின் வடிவம் கையில் இல்லாமல் எவ்வளவு வளைப்பது? ஃபோர்க்கை வாங்கி வெல்டர் மேசையில் வையுங்கள்.

சிங்கப்பூர்: புக்கிட் தீமா, செஸ்ட்நட் ட்ரெயிலுக்கு 100 போதுமா, 120 வேணுமா?

120.

டொராண்டோ: ஃப்ரேம்ல ஹெட் டியூப் என்ன சைஸ் வைக்கச் சொல்லணும்? என்னிடம் பழைய நேர் ஸ்டியரர் ஃபோர்க் ஒன்றும் இருக்கிறது.

44 மி.மீ. உள்விட்டம். மேலே உள்ளே உட்காரும் கப், கீழே வெளிக் கப் போட்டால் டேப்பர் ஸ்டியரர் (கீழ்ப்பக்கம் தடித்த ஃபோர்க் தண்டு) ஏறும். கீழ்க் கப்பை மாற்றினால் பழைய நேர் ஸ்டியரரும் ஏறும். 34 மி.மீ. பழைய ஹெட் டியூப் மட்டும் வேண்டாம், அதில் டேப்பர் நுழையவே நுழையாது. நல்ல ஃபோர்க் எல்லாம் இப்போது டேப்பர்தான். வெளிக் கப்பின் 12 மி.மீ. ஞாபகம் இருக்கட்டும்.

மதுரை: சார், என் ஃப்ரேம் 120-க்கு வரைந்தது. 150 போடலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

மேட்டுப்பாளையம்: வீட்டுல ஏர் ஃபோர்க்குக்கு 80 பி.எஸ்.ஐ. அடிச்சுட்டு ஊட்டி போறேன். காலைல மெத்துனு இருக்கு, மத்தியானம் வேற மாதிரி இருக்கு. லீக்கா?

லீக் இல்லை, பௌதிகம். இந்தக் கேள்விக்காகவே இன்று உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயம் ஒன்றை ஒன்று எதிர்த்து நடக்கிறது. மேட்டுப்பாளையத்தில் 34 டிகிரி வெயிலில் அடித்த காற்று ஊட்டிக் காலையில் 10 டிகிரிக்கு வந்தால் சுருங்கும். 80-இல் ஏழு பி.எஸ்.ஐ. போல விழும். அதே சமயம் ஊட்டி 2,240 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் கீழே இருந்ததைவிட மூன்று பி.எஸ்.ஐ. அளவு குறைவு, அதனால் உள்ளே இருப்பது அவ்வளவுக்கு வலுவாகத் தெரியும். கழித்துக் கூட்டினால் காலையில் 76 பக்கம் நிற்பீர்கள், அதுதான் அந்த மெத்து. வெயில் ஏற ஏறக் குளிரில் இழந்ததில் ஒரு பங்கு திரும்பிவரும், உயரத்தால் வந்தது அப்படியே இருக்கும்.

மத்தியானம் சின்னச் சின்னக் கற்களில் கை அதிர்கிறதா? அதற்குக் காரணம் லோயர்ஸ் (ஃபோர்க்கின் கீழ்க் கால்கள்) உள்ளே மாட்டிக்கொண்ட காற்று. கீழே பூட்டிய காற்று மேலே போனதும் வெளியே தள்ளப் பார்க்கிறது. ஃபோர்க் அமுங்கவே தயங்கும். ஃபாக்ஸ் கம்பெனியின் 2021-இல் வந்த 36, 38 ஃபோர்க் மாடல்களில் பின்பக்கம் சிறு பட்டன் இருக்கும், அழுத்தினால் உஸ் என்று வெளியேறும். இன்னொரு ஃபோர்க் கம்பெனியான ராக்‌ஷாக்ஸும் பிறகு தன் உயர்ந்த மாடல்களில் அதைக் கொண்டுவந்தது. பட்டன் இல்லாத ஃபோர்க் என்றால் மெல்லிய கேபிள் டையின் முனையை மழுக்கித் துடைத்து, தூசி சீலுக்கும் ஸ்டாஞ்சியனுக்கும் (லோயர்ஸுக்குள் நழுவும் மேல் கால்) நடுவே லேசாகச் செருகி எடுங்கள். ஆணி, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

ஷாக் பம்பை பையில் வைத்துக்கொண்டு மேலே போனபின் அடியுங்கள். கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: செம்மண் பூமியில் ஓட்டுகிறவர்கள் லோயர்ஸ் எண்ணெயை மறந்துவிடுகிறீர்கள். ராக்‌ஷாக்ஸ் சொல்வது 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை.

ஷெஃபீல்டு: வணக்கம் அண்ணா. இங்கே பீக் டிஸ்ட்ரிக்டில் ஹார்ட்டெயிலில் 160 போட்டு எல்லோரும் பறக்கிறார்கள். நீங்கள் 140-க்கே எச்சரிக்கை கொடுக்கிறீர்கள். பழைய காலத்திலேயே நின்றுவிட்டீர்களோ?

பழைய காலம் என்றால் 1990-ஐச் சொல்கிறீர்களா? அந்த வருடம் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த முதல் யூ.சி.ஐ. (சர்வதேச சைக்கிள் சங்கம்) மலை சைக்கிள் உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் டவுன்ஹில் ஜெயித்தது ராக்‌ஷாக்ஸின் முதல் ஃபோர்க்கை வைத்து. ட்ராவல் ஏறத்தாழ 50 மி.மீ. அதற்காக உங்களை 50 போடச் சொல்லவில்லை.

கணக்கைப் பாருங்கள். வீல்பேஸ் (இரு ஆக்சில்களுக்கும் நடுவே உள்ள தூரம்) 1,180 மி.மீ. என்று வையுங்கள். 160 ஃபோர்க் அடிவரை அமுங்கினால் முன்பக்கம் 145 மி.மீ. போல இறங்கும், ஹெட் ஆங்கிள் ஏழு டிகிரி நிமிரும். 64-இல் இறக்கத்துக்குள் போனவர் பெரிய கல்லில் இடிக்கும் அந்தக் கணத்தில் 71-இல் இருப்பார். 120 ஃபோர்க் என்றால் மாற்றம் ஐந்து டிகிரி சொச்சம். ட்ராவல் கூடக் கூட, சிக்கலான நேரத்தில் வண்டி உங்களைத் தலைக்கு மேல் தூக்கிப்போடப் பார்க்கிறது.

ஷெஃபீல்டு (மறுபடி): அடிவரை அமுங்குவது எப்போதாவதுதான். என் ஃப்ரேம் 63 டிகிரி, வீல்பேஸும் நீளம். கணக்கில் அதைச் சேர்க்கவில்லையே!

சேர்க்கலாம். 63-க்கு வரைந்து, வீல்பேஸை நீட்டி, 160 ஃபோர்க்கின் நீளத்தை முன்கூட்டியே வைத்துக் கட்டிய ஃப்ரேம் என்றால் அது தெரிந்து செய்த வண்டி. அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த வண்டியைத் தட்டையான பாதையில் மிதித்துப் பாருங்கள். ஏற்றத்தில் முன்சக்கரம் அலைவதையும் சொல்லுங்கள். 160 எதற்கு வேண்டும் என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது, தடித்த ஃபோர்க் வளையாமல் நிற்கிறது, டேம்பர் (ஃபோர்க் அசையும் வேகத்தை எண்ணெயால் அடக்கும் பாகம்) நன்றாக இருக்கிறது என்றுதான். அந்த இரண்டுக்கும் ட்ராவல் காரணம் இல்லை. 35, 36 மி.மீ. ஸ்டாஞ்சியனும் நல்ல கார்ட்ரிட்ஜ் டேம்பரும் காரணம். அதே ஃபோர்க்கை ஏர் ஷாஃப்ட் (ட்ராவலை முடிவு செய்யும் உள்தண்டு) மாற்றி 140-க்கு இறக்கலாம்.

பெங்களூரு: அண்ணா, ஷெஃபீல்டு நண்பர் சொல்றது சரிதானே? பின்னால சஸ்பென்ஷன் இல்லாததை முன்னால அதிக ட்ராவல் ஈடு கட்டுமே!

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டாது. முன்சக்கரம் விழுங்கின கல்லை அடுத்த நொடி பின்சக்கரம் ஏறவேண்டும், அதற்கு உங்கள் முழங்கால்தான் சஸ்பென்ஷன். முன்னால் 160 இருக்கிறது என்ற தைரியத்தில் வேகமாகப் போகிறீர்கள், வாங்குவது பின் ரிம்மும் உங்கள் இடுப்பும். பின் ரிம் நசுங்கி வந்த ஹார்ட்டெயில்களில் முன்னால் சின்ன ஃபோர்க் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

ஷெஃபீல்டு (மூன்றாவது): அப்போது பின்னால் தடித்த டயரும் டயர் இன்சர்ட்டும் (டயருக்குள் வைக்கும் நுரை வளையம்) போட்டால்?

போடுங்கள், நல்லது. அது 120-க்கும் நல்லதுதானே! நான் சொல்வது ஒன்றுதான்: 120-140-க்குள் வரைந்து, மிச்சக் காசை டேம்பரில் போடுங்கள். இத்தோடு இதை விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

திருச்சி: மேடம் ஒருத்தருக்கு வண்டி கட்டுறோம், எடை 52 கிலோ. கடைக்காரர் காயில் ஃபோர்க் போதும்ங்கறார்.

போதாது. விலை குறைந்த காயில் ஃபோர்க்கில் வரும் ஸ்பிரிங் சராசரி எடைக்கானது. மேலே உள்ள பிரீலோட் திருகு ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது, தொடக்கத்தை மட்டும் தள்ளிவைக்கும். இவருக்குப் பாதி ட்ராவல் கூடக் கிடைக்காது, இரண்டரைக் கிலோ இரும்பைச் சுமப்பதுதான் மிச்சம். ஏர் ஃபோர்க் வாங்கி, 15 முதல் 20 சதவீத ஸாக் வரும்வரை காற்றைக் குறையுங்கள். உள்ளே வால்யூம் டோக்கன் (காற்றறையின் இடத்தைக் குறைக்கும் துண்டு) இருந்தால் எடுத்துவிடுங்கள்.

எடை குறைந்தவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு, யாரும் சொல்வதில்லை. காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் ஃபோர்க்கைத் திருப்பித் தள்ளும் விசையும் குறைவு. ரீபவுண்டை (ஃபோர்க் திரும்ப எழும் வேகத்தை அடக்கும் திருகு) முழுக்கத் திறந்தாலும் ஃபோர்க் மெதுவாகவே எழும், தொடர்ந்து கல் வந்தால் அமுங்கியே கிடக்கும். டேம்பரில் இன்னும் மெல்லிய எண்ணெய் போடச் சொல்லிக் கேளுங்கள். வாங்கும்முன் அவரையே ஏறி நிற்கச் சொல்லி, முழுக்கத் திறந்த ரீபவுண்டில் சட்டென எழுகிறதா பாருங்கள். இவருக்கு 32 மி.மீ. ஸ்டாஞ்சியன் தாராளம், 36 எல்லாம் வீண் சுமை.

யாழ்ப்பாணம்: அண்ணை, 44 ஓஃப்செட்டோ 51 ஓஃப்செட்டோ நல்லது?

ஓஃப்செட் என்பது ஃபோர்க் திரும்பும் அச்சிலிருந்து ஆக்சில் முன்னால் தள்ளி நிற்கும் தூரம். ஹெட் ஆங்கிளைச் சொல்லாமல் கேட்டால் எப்படி? 65 டிகிரியில் 29 வீலுக்கு 51 போட்டால் ட்ரெயில் (அந்த அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம்) 116 மி.மீ. சுமாருக்கு வரும், 44 போட்டால் 124. அந்த எட்டு மி.மீ.யை உணர்கிறவர் இருக்கிறார்கள், ஆனால் ஹேண்டில் ஸ்டெம்மை மாற்றினாலே அதைவிட அதிகமாக உணர்வீர்கள். புதிதாக வாங்கினால் 44, கையில் 51 இருந்தால் அதையே போடுங்கோ.

ஈரோடு: செகண்ட் ஹேண்ட் வாங்கலாங்களா?

வாங்கலாங்க. ஸ்டாஞ்சியனில் விரல் நகத்தை ஓட்டுங்கள், நகம் தடுக்கும் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். முன் பிரேக்கைப் பிடித்து ஆட்டும்போது கிரவுனில் கிர்ரென்று சத்தம் வந்தாலும் விட்டுவிடுங்கள். கிரவுனும் ஸ்டியரரும் அழுத்திப் பொருத்தியவை. தளர்ந்தால் மேற்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டும். ஸ்டியரர் எவ்வளவு மிச்சம் என்று அளந்து கேளுங்கள்: ஹெட் டியூப், ஹெட்செட், ஸ்டெம், ஸ்பேசர் நான்கையும் கூட்டியதுக்குக் குறைந்தால் பயனில்லை. ஹப் அகலம் பூஸ்ட் எனும் 110 மி.மீ.யா, பழைய 100-ஆ என்றும் பாருங்கள். லோயர்ஸ் எண்ணெய் எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். பதில் வராது.

சேலம்: 140 ஃப்ரேமுக்கு 160 போட்டால் வாரன்டி போகுமா?

வாரன்டியை விடுங்கள், ஹெட் டியூப் வெல்டைக் கவனியுங்கள். ஃபோர்க் நீளம் கூடினால் அந்த மூட்டில் நெம்பும் விசையும் கூடும். ஷெஃபீல்டு நண்பரே, தயவுசெய்து இதற்குப் பதில் எழுதாதீர்கள்.

தஞ்சாவூர்: ஃபோர்க்குக்கு எந்தக் கலர் டீக்கல் நல்லா இருக்கும்?

டிசைனரைக் கேளுங்கள்.

கோவை (முதல் கேள்வி கேட்டவர்): அண்ணா, வெல்டர்கிட்ட பேசிட்டேன். ஃபோர்க் வந்ததும் ஸ்டியரரை அளவா அறுத்துக் கொண்டு வரச் சொல்றாருங்க.

அறுக்காதீர்கள், தம்பி. ஃப்ரேமே இல்லாமல் எந்த அளவுக்கு அறுப்பீர்கள்? ஹெட் டியூப் வெல்ட் ஆகி, ஹெட்செட் ஏறி, ஸ்டெம்மும் ஸ்பேசரும் மாட்டிப் பார்த்தபிறகு மூன்று மி.மீ. குறைத்து அறுங்கள்.