மூன்றாவது ஆள் சேரும்போதுதான் சிக்கல்

கேள்வி: கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியில் (பல நகரங்கள் அடங்கிய மாவட்டம் போன்றது), ஐந்து பேர் கொண்ட நகர மன்றத்துக்குப் புதிதாகத் தேர்வாகியிருக்கிறேன். எங்கள் ஊரில் தனிக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கிடையாது, மாநிலம் சொல்லும் தொகைதான். ஊதியத்திலும், கறுப்பின, லத்தீனோ குடும்பங்களின் வேலைவாய்ப்பிலும் பக்கத்து ஊர் உறுப்பினர்களோடு சேர்ந்து இயங்க ஆசை. வாட்ஸப் குழு தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம். ஆனால் உங்கள் மன்றத்திலிருந்து அதில் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். உள்ளாட்சிக் கூட்டங்கள் மக்கள் முன்னே நடக்க வேண்டும் என்று சொல்லும், 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி, மன்றத்தின் பெரும்பான்மையினர் மன்ற விஷயத்தை முன்னறிவிப்பில்லாமல் தங்களுக்குள் பேசக் கூடாது. உங்களுக்குப் பெரும்பான்மை என்பது மூவர். நீங்களும் இன்னொருவரும் காபி குடித்துக்கொண்டே பேசலாம். அவர் அதையே வீட்டுக்குப் போகும் வழியில் மூன்றாமவருக்குப் போனில் சொன்னால், மூவரும் ஓரிடத்தில் உட்காராமலே சட்டவிரோதக் கூட்டம் நடந்துவிட்டது. உதவியாளர் ஒருவர் மூவரிடமும் தனித்தனியே போய் "அவர் சரி என்கிறார், நீங்கள்?" என்று கேட்டு வந்தாலும் அதே கதிதான். சமூக ஊடகத்தில் விதி இன்னும் கறார். 2021 முதல், சக உறுப்பினர் நகர விஷயமாகப் போட்ட பதிவுக்கு நீங்கள் ஒரு லைக் போட்டாலே மீறல். அங்கே மூவர்கூடத் தேவையில்லை.

பக்கத்து ஊர்க்காரர்கள் வேறு மன்றம் என்பதால் அவர்களோடு தாராளமாகப் பேசலாம். குழுவில் ஊருக்கு ஒருவர் போதும். அதே ஆட்கள் போக்குவரத்து, தண்ணீர் போன்ற கூட்டு வாரியத்திலும் இருந்தால் அந்த வாரியத்தின் பெரும்பான்மையையும் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். சொந்தப் போன்தானே என்றும் இருந்துவிடாதீர்கள். அரசுப் பணி பற்றிய செய்தி சொந்தக் கருவியில் இருந்தாலும் அது பொது ஆவணமே என்று சான் ஹோசே நகர வழக்கில் 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தானாக அழியும் செய்தி வசதியை அணைத்து வையுங்கள்.

ஊதியத்தில் சேர்ந்து இயங்குவது ஏன் முக்கியம் என்பதற்கு உங்கள் கவுண்டியிலேயே சாட்சி நிற்கிறது. சான் ஹோசே வாக்காளர்கள் 2012-இல் மணிக்கு 10 டாலர் என்று தீர்மானித்தார்கள். மாநில அளவு அப்போது 8 டாலர். வேலி ஃபேர் மால் அந்த நகருக்கும் சாண்டா கிளாரா நகருக்கும் நடுவே, எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. 2013 மார்ச்சில் சட்டம் அமலானதும் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கூலி! கடைக்காரர்கள் எல்லை தாண்டிப் போய்விடுவார்கள் என்ற அச்சத்தைத் தனி நகரம் ஒன்றால் தீர்க்க முடியாது. அதனால்தான் கவுண்டி நகரங்களின் சங்கம் 2019 ஜனவரி 1-க்குள் 15 டாலர் என்ற பொது இலக்கை வைத்தது. குப்பர்டினோ, லாஸ் ஆல்டோஸ், பாலோ ஆல்டோ, சான் ஹோசே அந்தத் தேதிக்கே வந்து சேர்ந்தன. மவுண்டன் வியூவும் சன்னிவேலும் ஓராண்டு முந்திக்கொண்டன.

ஆகவே புதிதாக வரைவு எழுத உட்காராதீர்கள். பக்கத்து நகரத்தின் வாசகத்தை அப்படியே எடுங்கள். மூன்று இடங்களில் மட்டும் கண் வையுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உங்கள் ஊரில் வேலை செய்தால் சட்டம் பொருந்தும் (சான் ஹோசேயில் இரண்டு மணி நேரம்), ஆண்டு உயர்வு எந்த விலைவாசிக் குறியீட்டோடு போகிறது, யாருக்கு விலக்கு. கூட்டு முயற்சி குலைவது பெரும்பாலும் மூன்றாவதில்தான். ஓர் ஊர் சிறு கடைகளுக்கு விலக்குக் கொடுத்தால் அடுத்த ஊர்க் கடைக்காரர்களும் மறுவாரமே அதைக் கேட்டு வருவார்கள். புகார்களை விசாரிக்க ஆள் இல்லையே என்று நகர மேலாளர் சொன்னால், மவுண்டன் வியூவும் சன்னிவேலும் அந்த வேலையைச் சான் ஹோசே அலுவலகத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுத்ததைக் காட்டுங்கள். அதற்கான செலவையும் முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள்.

நாள் கணக்கில் பலர் கோட்டை விடுகிறார்கள். சட்டத்தை ஒரு கூட்டத்தில் முன்வைத்து, குறைந்தது ஐந்து நாள் கழித்து இன்னொரு கூட்டத்தில் நிறைவேற்ற வேண்டும். அதிலிருந்து 30 நாள் கழித்துத்தான் அமல். இரண்டாவது கூட்டத்தில் எழுத்துப்பிழை தவிர வேறு எதைத் திருத்தினாலும் அன்றே நிறைவேற்ற முடியாது. ஜனவரி 1 இலக்கென்றால் செப்டம்பரிலேயே முன்வையுங்கள். நீங்கள் தனியே பேச முடிந்த அந்த ஒரே சக உறுப்பினர்தான் உங்கள் தீர்மானத்தை வழிமொழிபவர். அவரை அவசரத்தில் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இன நீதி என்றதும் "கறுப்பினத்தவருக்கு இத்தனை விழுக்காடு ஒப்பந்தம்" என்று எழுதத் தோன்றும். கலிஃபோர்னியாவில் அது நிற்காது. அரசு வேலை, ஒப்பந்தம், கல்வியில் இன அடிப்படையிலான முன்னுரிமையை 1996-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய புரொபோசிஷன் 209 தடுக்கிறது. அதை நீக்கும் முயற்சியும் 2020-இல் வாக்கெடுப்பில் தோற்றது. ஆனால் யாருக்கு ஒப்பந்தம் போகிறது என்று இனவாரியாகக் கணக்கெடுக்கலாம். முன்னுரிமையை வருமானத்துக்கோ வசிக்கும் பகுதிக்கோ கொடுக்கலாம். பெரிய ஒப்பந்தத்தைச் சிறு துண்டுகளாக்கி, பணத்தை 30 நாளில் பட்டுவாடா செய்வதும் கை கொடுக்கும். பணம் தாமதமாகும்போது முதலில் விலகிப்போவது சின்ன ஒப்பந்தக்காரர்தான்.

பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும் சட்டத்துக்கு 209-இன் தடை இல்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதியைத் தன் தடைப் பட்டியலில் சேர்த்தது. கொண்டுவந்தவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த க்ஷமா சாவந்த். அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரமும் சேர்த்தது. மாநில அளவிலான மசோதாவை மட்டும், இருக்கும் சட்டமே போதும் என்று ஆளுநர் நியூசம் திருப்பி அனுப்பினார்.

உள்ளாட்சிப் பிரதிநிதிகளை நாடு முழுதும் இணைக்க 2012-இல் தொடங்கிய லோக்கல் புரோகிரஸ் போன்ற அமைப்புகளில் சேருங்கள். ஆனால் வேறு மாநிலத்து வரைவை இங்கே நகல் எடுக்காதீர்கள். நகரமே ஊதியத்தை உயர்த்த உங்களுக்குள்ள அதிகாரம் எல்லா மாநிலத்திலும் இல்லை. அலபாமாவின் பர்மிங்காம் 2016-இல் 10.10 டாலர் என்று தீர்மானித்தபோது, மாநில சட்டமன்றம் சில நாள்களுக்குள் தனிச்சட்டம் போட்டு அதைச் செல்லாததாக்கியது.