ரோட்டை மறிச்சது அப்பவுந்தானுங்க!

கேள்வி: 1970கள்ல கோயமுத்தூர் ஜில்லாவுல விவசாயிக நடத்துன போராட்டம் மாதிரி இப்ப ஏன் ஒண்ணுமே நடக்கறதில்ல? அப்பெல்லாம் சாதி, கட்சி பாக்காம ஒத்துமையா நின்னாங்க. இப்ப போராட்டம்னா ரோட்டை மறிச்சு ஜனங்களுக்கு இடைஞ்சல் பண்றதுதான்.
(காங்கயத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஏனுங்க, 1972ல விவசாயிக சங்கத் தலைவரு நாராயணசாமி நாயுடு கூப்பிட்டாருன்னு கட்டை வண்டிகளக் கொண்டாந்து கோயமுத்தூர் டவுனு பூரா நிறுத்துனாங்களே, அது என்ன தேர்த்திருவிழாவா? பஸ்ஸு நவுரல, ஆபீசுக்குப் போறவன் திட்டிட்டேதான் நடந்து போனான். அன்னைக்கு நீங்க டவுனுக்குள்ள கடை வச்சிருந்தீங்கன்னா இதே கேள்விய அப்பவே எழுதியிருப்பீங்க.

கரண்டுக்கு யூனிட்டுக்கு ஒரு பைசா ரெண்டு பைசா ஏத்துனதுக்கா இத்தன ரகளைனு கேக்கற ஆளுங்க இன்னமும் இருக்காங்க, அவங்களுக்கும் சேத்தே சொல்லிடறேன். 5 எச்பி மோட்டாரு எட்டு மணி நேரம் ஓடுனா கிட்டத்தட்ட 30 யூனிட்டு, ஒரு பைசான்னாலே நாளைக்கு 30 பைசா, மாசத்துக்கு ஒம்பது ரூவா, அதும் 1970ல. தஞ்சாவூர்க்காரருக்கு மடையத் தொறந்தா காவேரி வயலுக்கு வந்துரும், நம்மாளு பாறைய வெட்டி எறக்குன கெணத்துல இருந்து மோட்டார் போட்டு ஏத்தோணும், மழை பொய்ச்சா கெணத்த இன்னுங் கொஞ்சம் ஆழமா வெட்டோணும், அதுக்கும் கடன். அந்தக் கோவத்துலதான் 1970 ஜூன் 19ந்தேதி திருப்பூர் பக்கத்துல பெருமாநல்லூர்ல திரண்டாங்க, போலீசு சுட்டதுல மூணு பேரு செத்தாங்க. 1972 ஜூலைல சேலம் ஜில்லா பெத்தநாயக்கன்பாளையத்துலயும் சுட்டாங்க. ரெண்டு தடவையும் கலைஞர் ஆட்சி. எம்ஜிஆர் வந்தாப்புல மட்டும் மாறிடுச்சா என்ன, 1978ல திண்டுக்கல் பக்கத்துல வேடசந்தூர்லயும் சுட்டாங்க.

கட்சி பாக்கலைங்கறீங்க. பெருமாநல்லூர்ல சுட்டு ஒரு வருசங்கூட ஆகல, 1971 மார்ச்சுல எலெக்‌ஷன், அதே திமுகவுக்கு 184 சீட்டு. சங்கத்துக்கு பச்சைத் துண்டு, ஓட்டுக்கு கரைவேட்டி, அவ்ளோதான். (இந்த வித்தை இன்னைக்கும் நமக்கு மறக்கல.)

சாதி பாக்கலங்கறதுதான் எனக்கு சிரிப்பா வருது. வண்டி பூட்டி வந்த பண்ணாடி (தோட்டத்துக்காரரு) ஊருக்குள்ள டீக்கடைல பெஞ்சுல உக்காந்து கிளாஸ்ல குடிச்சாரு, அவரு தோட்டத்துல ராத்திரி முச்சூடும் மோட்டார் போட்டு தண்ணி கட்டுன பண்ணையத்து ஆளு அதே கடைக்கு வெளிய குத்த வச்சு தனி டம்ளர்ல, சில ஊர்ல கொட்டாங்குச்சில குடிச்சாரு, குடிச்சு முடிச்சு அத அவரே கழுவி வைக்கோணும். கரண்டு பில்லு, கடன் தள்ளுபடி, வெளஞ்சதுக்கு வெல, எல்லாம் நாயமான கோரிக்கைதான், நான் ஒண்ணும் குத்தஞ் சொல்லல. ஆனா அந்தாளோட கூலியும் டம்ளரும் எந்த மேடைல அத்தன சத்தமா கேட்டுச்சு? வெல கெடச்சா கூலி தானா ஏறும்னு சமாதானம் சொல்றவங்க உண்டு. வெல ஏறுன வருசமும் நமக்குத் தெரியும், அந்த வருசத்துக் கூலியும் தெரியும்.

நாயுடு 1984ல போயிட்டாரு. அவரு கேட்ட கரண்டு பின்னாடி வந்துச்சு, 1990 வாக்குல எல்லா விவசாய பம்புசெட்டுக்கும் இலவசம்னு ஆச்சு. உங்க தோட்டத்து மோட்டாருக்கு இன்னைக்கு பில்லு வராம இருக்குதுன்னா அது அன்னைக்கு ரோட்டை மறிச்சவங்க வாங்கிக் குடுத்ததுங்க. ஆக, மறியல் பண்றவனத் திட்டறதுக்கு முன்னாடி உங்க மோட்டாரப் போயிப் பாருங்க. அப்பறம் அடுத்த தடவ லெட்டர் போடும்போது உங்க தோட்டத்துல ஆளுக்கு என்ன கூலி குடுக்கறீங்க, அவங்களுக்கு டீ எதுல ஊத்தறீங்கன்னும் எழுதுங்க, ஒத்துமையப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்.