அந்தப் பெயருக்கு அவள் திரும்பவில்லை

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

என் மகளுக்கு எட்டு மாதம் நிறைந்துவிட்டது. அவள் பிறந்த நாளில் தொடங்கிய பூசல் எங்கள் வீட்டில் இன்றுவரை ஓயவில்லை. காரணம் அவளுடைய பெயர். யார் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவள். எனக்குப் பெண் குழந்தை பிறந்தால் நச்செள்ளை என்றுதான் பெயரிட வேண்டும் என்று அப்போதே என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்ற சங்கப் புலவரின் பெயர் அது. பள்ளியில் என் பெயரிலேயே என் வகுப்பில் ஐந்து பேர் இருந்தோம். ஆசிரியர் எங்களை இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிடுவார். சில நாள் வருகைப் பதிவேட்டின் எண்ணைச் சொல்லியே கூப்பிடுவார். என் மகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். திருமணத்துக்கு முன்பே என் கணவரிடம் இதைச் சொன்னேன். அழகான பெயர் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

குழந்தை பிறந்த அன்று மாமியாரிடம் பெயரைச் சொன்னபோது, "நச்சா? வேறு நல்ல பெயரே கிடைக்கவில்லையா?" என்றார். நக்கீரர், நப்பின்னை ஆகிய பெயர்களில் வருவதைப் போல 'ந' என்பது சிறப்பைக் குறிக்கும் முன்னொட்டு, நச்செள்ளை என்பதில் நஞ்சு எதுவும் இல்லை என்று விளக்கினேன். பத்து முறையாவது விளக்கியிருப்பேன். ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு, அடுத்த நிமிடமே குழந்தையை 'அம்மு' என்று கூப்பிடுகிறார். கணவரின் தம்பி 'நச்சு' என்று சுருக்கிவிட்டுச் சிரிக்கிறார். பிறப்புச் சான்றிதழில் பிழையாக அச்சிட்டுத் தந்தார்கள். அதை நச்செள்ளை என்று திருத்தி வாங்குவதற்குள் மூன்று முறை அலைந்தேன். "எல்லாரும் வைக்கிற மாதிரி ஒரு பெயரை வைத்துவிட்டுப் போனால் என்ன?" என்று என்னைப் பெற்றவளே கேட்கிறாள். ஒருவர்கூட இந்தப் பெயரை முதல் தடவையில் சரியாகச் சொல்வதில்லை. சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்வது அவ்வளவு கடினமா?

குழந்தை பிறந்த மூன்றாம் நாள், தன்னுடைய அம்மாவின் பெயரை நடுவிலாவது சேர்க்க முடியுமா என்று மாமியார் கேட்டார். நச்செள்ளை என்பதோடு எதைச் சேர்த்தாலும் பொருந்தாது, எனக்கு அதில் விருப்பமில்லை என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பழி வாங்குவதுபோல, அவர் வாயிலிருந்து நச்செள்ளை என்ற சொல் இன்றுவரை ஒரு முறைகூட வந்ததில்லை. இரவில் தூங்க வைக்கும்போது நானும் 'பாப்பா' என்றுதான் சொல்கிறேன். ஆனால் அது வேறு, இது வேறு.

ஐந்தாம் மாதம் முடிந்ததும் நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பகல் முழுவதும் குழந்தை மாமியாரிடம்தான். போன மாதம் ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று "நச்செள்ளை" என்று அழைத்தேன். அவள் ஒரு டப்பா மூடியைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் உரக்க அழைத்தேன். அப்போதும் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து மாமியார் "அம்மு" என்றதும் மூடியைப் போட்டுவிட்டுக் கழுத்தைத் திருப்பி அவரைத் தேடினாள். சின்னக் குழந்தைக்கு என்ன தெரியும், அதை விடுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது கணவர்தான். நண்பர் ஒருவர் தொலைபேசியில் குழந்தையின் பெயரைக் கேட்டபோது, "இன்னும் முடிவாகவில்லை" என்று என் காதுபடச் சொன்னார். சான்றிதழே கைக்கு வந்துவிட்டது. நச்செள்ளை என்று சொல்ல அவருக்கு வெட்கமா? திருமணத்துக்கு முன் ஒப்புக்கொண்ட வார்த்தை என்ன ஆயிற்று? மாமியாரை நான் எப்படித் திருத்துவது? கணவரை எனக்காகப் பேச வைப்பது எப்படி? இவ்வளவு எதிர்ப்புக்கு நடுவில் பெயரை மாற்றிவிடுவதுதான் வழியா? நான் செய்தது தவறா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி


அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது ஒன்றை எண்ணிப் பார்த்தேன். புலவரின் பெயரை விட்டுவிட்டால், உங்கள் மகளின் பெயரை ஏழு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று உங்கள் பழைய குறிப்பேட்டில் இருக்கிறது. ஐந்து இடங்களில் அது விளக்கமாகவோ மறுப்பாகவோ மனத்தாங்கலாகவோ வருகிறது. ஒரே ஓர் இடத்தில்தான் அந்தப் பெயரை உங்கள் மகளை நோக்கிச் சொல்கிறீர்கள். அந்த இடத்தைத்தான் "அதை விடுங்கள்" என்று தள்ளிவிட்டு, கணவர் மீதான குறைக்குப் போய்விட்டீர்கள்.

நான் அதை விடப்போவதில்லை. அந்த மாலை நடந்து ஒரு மாதம் ஆன பிறகும், அவள் கையில் இருந்தது டப்பா மூடி என்பது உங்களுக்கு நினைவிருக்கிறது. செருப்பைக் கழற்றவில்லை என்பது நினைவிருக்கிறது. அவள் கழுத்தைத் திருப்பியது யாரைத் தேடி என்பதும் நினைவிருக்கிறது. மனத்தில் தைக்காத எதையும் யாரும் இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருப்பதில்லை. ஊரார் இந்தப் பெயரை ஏற்பார்களா என்பது உங்கள் கவலையின் மேல்தோல் மட்டுமே. என் குழந்தைக்கு என்னைத் தெரியவில்லையோ, நான் இல்லாத பகல்களில் அவள் வேறொருவரின் 'அம்மு'வாகிவிட்டாளோ என்ற அச்சம்தான் அதற்கு அடியில் இருக்கிறது. குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் பகல் தூக்கமும் மாமியாரின் கைக்குப் போய்விட்ட பிறகு, முழுக்க முழுக்க நீங்கள் மட்டுமே கொடுத்தது என்று உங்களிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். அதை ஒருவர் சொல்லாமல் விடும்போது உங்களையே அந்த வீட்டிலிருந்து அழித்துவிட்டதுபோல இருக்கிறது. இப்படி நினைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்மார்கள் பலர், வேறு வேறு சொற்களில் இதையே என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

ஆனால் அந்த மாலைக்கு நீங்கள் கொண்ட பொருள் தவறு. குழந்தைகள் தங்கள் பெயரை எப்படி அறிகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கரை மாதக் குழந்தைகளே தங்கள் பெயரின் ஒலியை மற்றப் பெயர்களிலிருந்து பிரித்தறிந்து, அதை அதிக நேரம் உற்றுக் கேட்டன. அது தன்னைக் குறிக்கும் சொல் என்பது அந்த வயதில் தெரியாது. அடிக்கடி காதில் விழுந்த, பழகிய ஒலி என்பது மட்டுமே தெரியும். 2005-இல் வெளியான இன்னோர் ஆய்வு இதைவிடச் சுவையானது. ஆறு மாதக் குழந்தைகள், தங்களுக்குப் பழகிய பெயரை அடுத்து வந்த புதுச் சொல்லைப் பிறகு அடையாளம் கண்டுகொண்டன. பழகாத பெயரை அடுத்து வந்த சொல்லை அவ்வாறு கண்டுகொள்ளவில்லை. பெரியவர்களின் பேச்சு குழந்தைக்கு ஓயாமல் ஓடும் வெள்ளம். பழகிய பெயர் அதில் கால் ஊன்ற முதலில் கிடைக்கும் கல். உங்கள் மகளுக்கு அந்தக் கல்லாக 'அம்மு' கிடைத்திருக்கிறது. அந்த ஒலிக்கு அவள் உடனே திரும்புகிறாள் என்பதிலிருந்து, அவள் காதும் கவனமும் நன்றாக இருக்கின்றன என்பதை அறிந்து நீங்கள் மகிழலாம்.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். நச்செள்ளை என்ற ஒலியை இந்த எட்டு மாதங்களில் அவள் எப்போதெல்லாம் கேட்டிருப்பாள்? 'அம்மு' என்ற ஒலி கேட்டபோதெல்லாம் அதோடு ஒரு முகமும் குனிந்து வந்தது, ஒரு கை தூக்கியது. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், அவளுடைய சொந்தப் பெயர் பெரும்பாலும் அவள் தலைக்கு மேலே, பெரியவர்கள் ஒருவரையொருவர் திருத்தும் குரலில் ஒலித்திருக்கிறது. இரவில் அவளும் நீங்களும் மட்டும் இருக்கும்போது நீங்களே 'பாப்பா' என்கிறீர்கள். "அது வேறு, இது வேறு" என்பது உங்களுக்குத் தெரியும்; அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெயருக்காக வீடு முழுவதும் போராடியிருக்கிறீர்கள். அவளிடம் அதைக் கொடுக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

உங்கள் மாமியாரைப் பற்றி நான் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கலாம். அவர் ஒரே ஒரு முறை, அதுவும் "நடுவிலாவது" என்று, தன் தாயின் பெயருக்கு ஓர் இடம் கேட்டார். நீங்கள் மறுத்தீர்கள், பெற்றவள் என்ற முறையில் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, கோபித்துக்கொண்டு போகவில்லை, குழந்தையை வளர்க்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. இதைப் பழி வாங்கல் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி என்பதிலிருந்து வந்தது என்று, இலக்கியம் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சொல்லுக்குள் அவருக்கு இருந்த சிறு உரிமை கைவிட்டுப் போனபோது, தானே ஒரு பெயரை உண்டாக்கிக்கொண்டார், அவ்வளவுதான். நீங்கள் பத்து முறை இலக்கணம் விளக்கியபோது, அவர் காதில் விழுந்தது 'உங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்பதாகவே இருந்திருக்கும். பழகாத ஒலி முதலில் பிடிக்காமல் இருப்பதும், கேட்கக் கேட்கப் பிடித்துப்போவதும் மனித இயல்பு. 1968-இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் இதை ஆய்வுகளோடு எழுதிக் காட்டினார். ஆனால் ஒவ்வொரு முறையும் கடிந்துகொள்ளும் குரலோடு வரும் ஒலி எவருக்கும் பிடித்துப்போவதில்லை.

நீங்கள் நேசிக்கும் அந்தப் புலவரிடமே ஒரு முறை திரும்பிப் போவோம். குறுந்தொகையின் 210-ஆம் பாடலில் காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் என்ற பெயர் அவருக்கு அமைந்தது. பிறர் அழைத்த பெயர் அவருடைய சொந்தப் பெயரை விழுங்கிவிடவில்லை. இரண்டும் அருகருகே நின்று நம் காலம் வரை வந்திருக்கின்றன. அந்தப் பாடலில் தோழி என்ன சொல்கிறாள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பிரிந்திருந்த தலைவன் திரும்பி வந்திருக்கிறான். தலைவியை இத்தனை நாள் நன்றாக ஆற்றியிருந்தாய் என்று பாராட்டும் அவனிடம், அந்தப் பெருமை எனக்குரியது இல்லை, விருந்து வரக் கரைந்த காக்கைக்கு உரியது, நெய்யும் வெண்ணெல் சோறும் ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும் அதற்குச் சிறிதுதான் என்கிறாள். நீங்கள் வீட்டில் இல்லாத பகல்களில் உங்கள் மகளின் அருகில் ஒருவர் ஓயாமல் அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அழைத்தால் திரும்ப வேண்டும் என்பதையே அவள் அந்தக் குரலிடம்தான் கற்றாள். அந்தக் குரலுக்கு நீங்கள் இதுவரை என்ன கொடுத்திருக்கிறீர்கள்?

கணவர் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். தாயையும் மனைவியையும் ஒரே நேரத்தில் நோகடிக்காமல் இருக்க அவர் கண்டுபிடித்த குறுக்குவழி, தன் மகளின் பெயரை மறைப்பது. அவர் அன்று சொன்னது எவ்வளவு வலித்தது என்பதை, மாமியாரை இழுக்காமல், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் குறிப்பிட்டு அவரிடம் சொல்லுங்கள்.

பெயரை மாற்ற வேண்டாம். அது நல்ல பெயர். பொருளும் வரலாறும் உள்ள பெயர். ஆனால் 'நச்சு' என்ற கேலி உங்கள் மைத்துனரோடு நின்றுவிடாது, பள்ளியிலும் வரும். அரிய பெயரை உடையவர்கள் வாழ்நாள் முழுவதும் அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும், எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையை அவளைக் கேட்காமல் அவள் தோளில் ஏற்றியிருக்கிறீர்கள். எல்லாப் பெற்றோரும் ஏதோ ஒன்றை அப்படி ஏற்றத்தான் செய்கிறோம். ஆகவே 'ந' என்பதன் சிறப்பை மாமியாருக்கு விளக்கியதுபோல விளக்காமல், கதை சொல்வதுபோல அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒரு நாள் அவள், தோழிகள் என்னை அம்மு என்றே கூப்பிடட்டும் என்றால் மனம் உடையாதீர்கள். ஐந்து பேரில் ஒருத்தியாக, ஓர் எண்ணாக அழைக்கப்பட்டது நீங்கள். அது உங்களைக் காயப்படுத்தியது என்பது உண்மை. அதற்கு மருந்தாக இருக்க வேண்டிய பொறுப்பு எட்டு மாதக் குழந்தைக்கு இல்லை.

இனி வாசலில் நின்று அழைத்துச் சோதிக்காதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவிக்கொண்டு, அவள் மூடியை உருட்டும் இடத்திலேயே தரையில் உட்காருங்கள். உங்கள் முகத்தை அவள் பார்த்த பிறகு, மெதுவாக, அந்தப் பெயரைச் சொல்லுங்கள். இரவில் 'பாப்பா' என்று சொல்லும் அதே குரலில் சொல்லுங்கள். சில வாரங்களிலேயே அவள் திரும்பத் தொடங்கிவிடுவாள் என்று நம்புகிறேன். உங்கள் மாமியார் 'அம்மு' என்று அழைக்கட்டும். இரண்டு பெயர்களையும் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ள அவளால் முடியும்.

இன்னும் ஒன்று. மாமியார் தன் தாயின் பெயரைச் சேர்க்கக் கேட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன பெயர் என்று எழுதவில்லை. அன்று அவரிடம் கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால், இந்த வாரம் ஒரு மாலை அவர் அருகில் உட்கார்ந்து, அந்தப் பெயரையும் அந்தப் பெயருக்கு உரியவர் எப்படி இருந்தார் என்பதையும் கேளுங்கள். அடுத்த கடிதத்தில் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்