சீஸ் டீ குடிக்க ஸ்ட்ரா வேண்டாம்

கேள்வி: அலுவலக நண்பர்களோடு பபிள் டீ கடைக்குப் போனால் அவர்கள் எல்லாரும் சீஸ் டீதான் வாங்குகிறார்கள். நானும் ஒருமுறை வாங்கினேன். ஸ்ட்ராவில் உறிஞ்சியபோது முதலில் கசப்பாக வெறும் டீ வந்தது. முடிவில் உப்புக் கரித்த க்ரீம் மட்டும் மிஞ்சியது. குமட்டிவிட்டது. பால் குடித்தால் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் பயமும் இருக்கிறது. மறுபடி முயன்று பார்க்கலாமா? கடையில் என்ன சொல்லி வாங்க வேண்டும்?

பதில்: தாராளமாக முயன்று பார்க்கலாம். சீஸ் டீ என்பது குளிர்ந்த டீயின் மேல் க்ரீம் சீஸில் அடித்த, உப்பும் இனிப்புமான நுரையை மிதக்கவிட்ட பானம். போன தடவை நீங்கள் அதைக் குடிக்கவே இல்லை. ஸ்ட்ராவைக் கோப்பையின் அடிவரை இறக்கி முதலில் டீயைக் காலி செய்திருக்கிறீர்கள், அப்புறம் க்ரீமைத் தனியாகக் குடித்திருக்கிறீர்கள். அப்படிக் குடித்தால் யாருக்கும் குமட்டத்தான் செய்யும்.

கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. அடித்துக் காற்றேற்றினால் இன்னும் லேசாகிவிடும். அதனால்தான் அந்த நுரை இரண்டு விரற்கடை கனத்துக்கு டீயின் மேல் மிதக்கிறது. அது தானாக இறங்கி வந்து டீயோடு சேராது, குடிக்கிறவர்தான் வாய்க்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூடியைக் கழற்றிவிடுங்கள், அல்லது வாய் வைத்துக் குடிக்கிற துளையுள்ள மூடியைக் கேளுங்கள். கோப்பையை ஏறக்குறைய 45 பாகை சாய்த்து, மேலுதடு நுரையில் படும்படி வைத்து ஒரு வாய் குடியுங்கள். அடியிலிருந்து வழிகிற டீ நுரையில் ஒரு கீற்றையும் இழுத்துக்கொண்டு வரும். நாக்கில் முதலில் உப்பும் இனிப்புமாகக் குளிர்ந்த க்ரீம் படும். அடுத்த நொடி டீயின் துவர்ப்பு வந்து அதைக் கழுவிக்கொண்டு போகும். இந்தப் பானத்தில் விசேஷம் என்று ஏதாவது இருந்தால் அது இந்த வரிசைதான். மேலுதட்டில் வெள்ளை மீசை ஒட்டினால் சரியாகக் குடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கைக்குட்டை அவசியம்.

கலக்கிவிட்டுக் குடிக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. பாதிக் கோப்பை தீரும்வரை வேண்டாம். கலக்கினால் சற்றே உப்பான பால் டீதான் கிடைக்கும், அதற்கு இவ்வளவு காசு கொடுக்க வேண்டியதில்லை. கடைசியில் நுரை அதிகமாக மிஞ்சினால் அப்போது கலக்கிக்கொள்ளலாம்.

சீஸ் என்ற பேரைக் கேட்டதும் உங்களுக்குப் பீட்சாவில் நூலாக இழுபடும் சீஸ் ஞாபகம் வந்திருக்கும். இதில் போடுவது க்ரீம் சீஸ். மாதக்கணக்கில் பதப்படுத்தி முதிர வைக்காத, புதிதாகவே தின்கிற வகை அது. மெல்லிய புளிப்பு உண்டு, வாடை கிடையாது. அதோடு விப்பிங் க்ரீம், கொஞ்சம் பால், சீனி அல்லது கண்டென்ஸ்டு மில்க், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அடித்தால் நுரை தயார். உப்பு இதில் வெறும் அலங்காரம் அல்ல. நாக்குக்குக் கசப்பு தெரிவதை உப்பு குறைக்கும். டீயில் துவர்ப்பைத் தரும் சேர்மங்களைப் பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் பிடித்து வைத்துக்கொள்ளும். தனியாகக் குடித்தால் முகம் சுளிக்க வைக்கும் கடுமையான டீ இந்த நுரையோடு சேரும்போது சாதுவாகிவிடுவது இதனால்தான். உப்பில்லாமல் போட்டுக் கொடுங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். கொடுப்பார்கள், ஆனால் டீயின் மேல் கேக் க்ரீம் வைத்துக் குடித்த மாதிரிதான் இருக்கும்.

2010 வாக்கில் தைவானின் இரவுச் சந்தைக் கடைகளில் இது தொடங்கியபோது சீஸ் பவுடரையும் உப்பையும் க்ரீமோடு அடித்துத்தான் டீயின் மேல் ஊற்றினார்கள். 2012இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் ஜியாங்மென் நகரில் நியே யுன்சென் என்ற இளைஞர் ஒரு சிறிய டீக்கடை திறந்தார். இன்று ஹேடீ என்று பெரிய சங்கிலிக் கடையாக வளர்ந்திருப்பது அதுதான். பவுடருக்குப் பதிலாக நிஜ சீஸைப் பயன்படுத்தி இந்தப் பானத்தைப் பிரபலமாக்கியது அந்தக் கடை. இன்றைக்கும் இந்த இரண்டு வழியும் இருக்கின்றன. நீங்கள் நிற்கிற கடை எந்த வழி என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

கேட்டுவிடுவதே சுலபம்: “நுரை க்ரீம் சீஸில் அடித்ததா, பவுடர் மிக்ஸா?” தயங்காமல் பதில் சொன்னால் நல்ல கடை. பார்த்தும் ஓரளவு சொல்லலாம். க்ரீம் சீஸில் அடித்த நுரை கரண்டியிலிருந்து தடித்த நாடாவாகச் சரிந்து விழும், டீயின் மேல் மெதுவாகப் பரவும். அதில் பால் மணமும் இலேசான புளிப்பு வாசனையும் இருக்கும். நான் பால் பொருள் தொழில்நுட்பத்தில் இருப்பதால் ஒரு கடைக்கு நுரை தயாரிப்பைச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். அங்கே காலையில் பவுடரில் அடித்து வைத்த நுரை பாத்திரத்தில் இருந்தது. சாயங்காலம் அதில் கரண்டியை நட்டேன், சாயாமல் நின்றது. சுவரில் பூசலாம் போல. அப்படி நிற்க வைப்பது பெரும்பாலும் மிக்ஸில் இருக்கும் தாவரக் கொழுப்பும் கெட்டியாக்கிகளும்தான். கெடுதல் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாயில் கரையாமல் அண்ணத்தில் படலமாக ஒட்டிக்கொள்ளும். நீங்கள் குமட்டியது என்று சொன்னதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

அடுத்து, எந்த டீ. நுரையைவிட டீயைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். முதல் தடவைக்கு என் ஓட்டு கிரீன் டீக்கும் பிளாக் டீக்கும் இடைப்பட்ட வகையான ஊலாங் டீக்கு, அதிலும் வறுத்ததற்கு. அதன் புகை மணமும் துவர்ப்பும் கொழுப்புக்கு ஈடுகொடுக்கும். மல்லிகை மணமேற்றிய கிரீன் டீயும் நன்றாகப் பொருந்தும். பால் கலக்காத நல்ல பிளாக் டீயும் சரி. பால் டீயின் மேல் சீஸ் நுரை போடச் சொல்லாதீர்கள், பாலுக்கு மேல் பாலாகத் திகட்டிவிடும். ஸ்ட்ராபெர்ரி, திராட்சை என்று பழ வகைகளும் இருக்கும். பார்க்க அழகு, ஆனால் டீயின் ருசி பழத்துக்குள் தொலைந்துவிடும். எலுமிச்சை போன்ற கடும் புளிப்பு வேண்டவே வேண்டாம், கலந்தால் நுரை திரிந்து திப்பி திப்பியாகிவிடும்.

சீனி அளவு கேட்பார்கள். கடையின் முழு இனிப்பில் 25 அல்லது 30 சதவீதம் போதும், நுரையிலேயே சீனி இருக்கிறது. ஒரு நாளுக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன் அளவுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முழு இனிப்பில் வாங்கிய ஒரு பெரிய கோப்பையே அதைத் தாண்டிவிடலாம்.

பபிள் டீயில் போடுகிற, மரவள்ளி மாவில் செய்த கறுப்பு முத்துகளை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். சீனிப் பாகில் ஊறியவை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவற்றை உறிஞ்சத் தடித்த ஸ்ட்ரா வேண்டும், சீஸ் நுரைக்கோ ஸ்ட்ராவே ஆகாது. இரண்டையும் ஒரே கோப்பையில் போட்டு விற்கிறவர்கள் எதை எப்படிக் குடிக்கச் சொல்கிறார்கள் என்று எனக்கு இதுவரை புரிந்ததில்லை.

சூடான சீஸ் டீயும் சில கடைகளில் உண்டு. சூட்டில் கொழுப்பு உருகி நுரை அமர்ந்துவிடும், சில நிமிடத்தில் டீயின் மேல் எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கும். குளிர்ந்ததையே வாங்குங்கள்.

இனி உங்கள் வயிற்றுக்கு வருவோம். பாலுக்கு வயிறு உப்புவதற்குப் பெரும்பாலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரிக்காததுதான் காரணம். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது ஒரு டம்ளர் பாலில் இருக்கிற அளவுவரை, பெரிய தொந்தரவில்லாமல் தாங்கிக்கொள்கிறார்கள். க்ரீம் சீஸிலும் க்ரீமிலும் இருப்பது கொழுப்புதான் அதிகம், லாக்டோஸ் பாலைவிடக் குறைவு. ஒரு கோப்பையின் மேலுள்ள நுரையால் உங்களுக்குத் தொந்தரவு வராமலே போகலாம். கண்டென்ஸ்டு மில்க்கோ பால் பவுடரோ நிறையப் போட்டிருந்தால்தான் கணக்கு ஏறும். சின்னக் கோப்பையாக வாங்கி, வெறும் வயிற்றில் இல்லாமல் சாப்பிட்ட பிறகு குடியுங்கள். வெறும் வயிற்றில் கடும் டீ குடித்தாலே சிலருக்குக் குமட்டும்.

உப்பலோடு நிற்காமல் உதடு வீக்கம், தடிப்பு, மூச்சிரைப்பு என்று உங்களுக்கு எப்போதாவது வந்திருந்தால் அது பால் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்படியானால் சீஸ் டீ கூடவே கூடாது, மருத்துவரைப் பார்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள். பால் சேராதது என்று எழுதிய க்ரீமர் பவுடர்கள் பலவற்றில் பாலிலிருந்து எடுத்த கேசீன் இருக்கும். அந்த வாசகத்தை நம்பிவிடக் கூடாது.

சைவம் பார்க்கிறவர்களும் கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது, சில மிக்ஸ்களில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்த்திருப்பார்கள். அப்புறம், டீ என்பதால் காஃபீன் உண்டு. உள்ளே போனதில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரித் தூக்கம் முக்கியம் என்றால் மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வரவழைத்துக் குடிப்பதை முடிந்தவரை தவிருங்கள், வண்டியில் குலுங்கி வருவதற்குள் நுரையும் டீயும் கலங்கிவிடும். வரவழைத்தே ஆக வேண்டுமென்றால் நுரையைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். வந்ததும் டீயைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகின்மேல் நுரையை மெதுவாக வழியவிட்டால் அடுக்கு கலையாமல் உட்காரும். உடனே குடிக்கப் போவதில்லை என்றால் நுரையை மட்டும் ஃபிரிட்ஜில் வையுங்கள், அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.